பைபிள்ல இல்லாத கதை சர்ச் சுவருக்கு எப்படி வந்துச்சு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவோட பழைய சர்ச் ஓவியங்களைப் பத்திப் பேச்சு எடுத்தாலே, எதிர்ல இருக்கறவங்க கத்தோலிக்கரோ சிஎஸ்ஐயோ இந்துவோ யாரா இருந்தாலும் கொஞ்ச நேரத்துல "இந்த சீன் பைபிள்ல எங்க வருது?"ன்னு கேட்டுடறாங்க, பாதிப் படத்துக்கு "எங்கயும் வராது"ங்கறதுதான் பதில். அப்ப எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா, கேட்டவங்க வார்த்தையிலயே கேள்வியப் போட்டு இங்க எழுதி வெச்சிருக்கேன். முதல்லேர்ந்து படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில்கள் முன்னாடி சொன்னதை வெச்சுதான் போகும்.

அப்போக்ரிஃபான்னா கத்தோலிக்க பைபிள்ல கூடுதலா இருக்கற தோபித்து, மக்கபேயர் புத்தகங்கள்தானே?

இல்லைங்க, அது வேற. தோபித்து, யூதித்து, மக்கபேயரெல்லாம் பழைய ஏற்பாட்டைச் சேர்ந்தது, அதைத்தான் நம்ம ஊர் புராட்டஸ்டண்ட்காரங்க தள்ளுபடி ஆகமம்னு சொல்றாங்க, கத்தோலிக்கருக்கு அது திருமுறைதான், அதாவது பைபிளோட பகுதி. நான் இங்க அப்போக்ரிஃபான்னு பேசறது யாரோட பைபிள்லயும் இடம் பிடிக்காத நூல்களைப் பத்தி. இயேசு, மாதா, அப்போஸ்தலர்கள் இவங்களைப் பத்தி 2ஆம் நூற்றாண்டுலேர்ந்து எழுதிக்கிட்டே வந்த கதைகள்.

இதுல மூணு நாலு நூல் பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பத் திரும்ப வரும். யாக்கோபு பேர்ல இருக்கற முதல் நற்செய்தி (2ஆம் நூற்றாண்டு, மாதாவோட பிறப்பும் சின்ன வயசும்), அதையே எடுத்து லத்தீன்ல விரிச்சு எழுதின போலி மத்தேயு, தோமா பேர்ல இருக்கற குழந்தைப்பருவ நற்செய்தி, அப்புறம் நிக்கோதேமு நற்செய்தி.

அப்ப அந்த ஓவியருங்க பைபிள் படிக்கவே இல்லையா? இல்லாததை எல்லாம் எப்படி தைரியமா வரைஞ்சாங்க?

ஓவியர் தனியா உக்காந்து கற்பனை பண்ணி வரையல. எதை வரையணும்னு முடிவு பண்ணது காசு குடுத்தவரும் அங்க இருந்த குருக்களும். அவங்களுக்கு இந்தக் கதைகள் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துல கேட்டது, திருவிழா ஜெபத்துல வந்தது, தெரு நாடகத்துல பார்த்தது. மத்தேயுவுல வர்ற கதை, வெளியே இருக்கற நூல்ல வர்ற கதைன்னு மனசுல தனித்தனியா பிரிச்சு வெச்சுக்கற பழக்கம் சாதாரண ஜனங்ககிட்ட இல்லவே இல்ல, எல்லாம் ஒரே சரித்திரம்.

இன்னொரு காரணம், நாலு நற்செய்தியும் நிறைய இடத்துல பேசாம போயிடுது. மாதாவோட அப்பா அம்மா யாரு, எகிப்துக்குப் போற வழியில என்ன நடந்துச்சு, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் இயேசு எங்க இருந்தாரு, எதுவும் விவரமா இல்ல. பக்தி இருக்கறவங்களுக்கு இதைத் தெரிஞ்சுக்காம இருக்க முடியல. அந்த ஏக்கத்தை ஏமாத்து வேலைன்னு நான் பார்க்கல, அன்பு வெச்சவங்களைப் பத்தி இன்னும் கொஞ்சம் கேக்கணும்ங்கற ஆசைதான் அது.

குடில்ல மாடும் கழுதையும் வைக்கிறோமே, அது லூக்காவுல இருக்குல்ல?

லூக்காவுல தீவனத்தொட்டி மட்டும்தான் இருக்கு. மாடும் இல்ல கழுதையும் இல்ல, போய் 2ஆம் அதிகாரத்தைப் படிச்சுப் பாருங்க. ஏசாயா 1:3ல "மாடு தன் எஜமானையும் கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்"னு ஒரு வசனம் இருக்கு, அதுலேர்ந்து வந்ததுதான் இந்த ரெண்டும். போலி மத்தேயு அந்த வசனத்தைச் சொல்லி, ரெண்டு மிருகமும் குழந்தைய வணங்குச்சுன்னு கதையாவே எழுதிடுச்சு. 1223ல அசிசி பிரான்சிஸ் கிரெச்சோங்கற ஊர்ல கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு நிஜ மாட்டையும் நிஜ கழுதையையும் கொண்டாந்து நிறுத்தினாரு, நம்ம வீட்டுக் குடில் வரைக்கும் வர்றது அந்த வழிதான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, அதைக் கடைசிப் பக்கமா சொல்றேன்.

மூணு ராஜாக்களாவது உண்டா இல்லையா?

மத்தேயு 2ல "ஞானிகள்"னு இருக்கு. எத்தனை பேருன்னு இல்ல, ராஜான்னு இல்ல, பேரும் இல்ல. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம்னு காணிக்கை மூணு, அதனால ஆளும் மூணுன்னு ஆச்சு. ரோம்ல நிலத்துக்கு அடியில இருக்கற பழைய கல்லறைச் சுவர்கள்ல ஒண்ணுல ரெண்டு பேரு, இன்னொண்ணுல நாலு பேருன்னுகூட வரைஞ்சிருக்காங்க. சங்கீதம் 72ல ராஜாக்கள் காணிக்கை கொண்டுவருவாங்கன்னு வர்றதால பின்னாடி கிரீடம் ஏறுச்சு.

இத்தாலியில ராவென்னாவுல 6ஆம் நூற்றாண்டு மொசைக் (சின்னச் சின்னத் துண்டுகளைப் பதிச்சுச் செஞ்ச படம்) ஒண்ணுல மூணு பேரும் பாரசீகக்காரங்க மாதிரி தொப்பி போட்டு வேகமா நடந்து வர்றாங்க, தலைக்கு மேல பல்தசார், மெல்கியோர், கஸ்பார்னு பேரு. 1164ல அவங்களோட எலும்புன்னு நம்பப்பட்டதை மிலான்லேர்ந்து ஜெர்மனியில கொலோன் நகரத்துக்கு எடுத்துட்டுப் போனாங்க, அதுக்குச் செஞ்ச பெரிய தங்கப் பேழை இன்னைக்கும் அங்க கதீட்ரல்ல இருக்கு. மூணு பேர்ல ஒருத்தரைக் கறுப்பினத்தவரா வரையறது 15ஆம் நூற்றாண்டுலதான் பரவலாச்சு.

மாதாவோட அப்பா அம்மா பேரு சுவக்கின், அன்னம்மாள்னு யாரு சொன்னது?

யாக்கோபு பேர்ல இருக்கற முதல் நற்செய்திதான். வேளாங்கண்ணியில செப்டம்பர் 8 பெருவிழா நடக்குதே, அது மாதாவோட பிறந்தநாள், அந்தப் பிறப்போட கதை நமக்குக் கிடைச்சதும் இந்த நூல்லதான். சுவக்கினுக்கும் அன்னாவுக்கும் குழந்தை இல்ல. "உனக்குச் சந்ததி இல்ல, நீ காணிக்கை குடுக்கக்கூடாது"ன்னு கோவில்ல அவரை அவமானப்படுத்திடறாங்க. அவரு வீட்டுக்குக்கூடப் போகாம வனாந்தரத்துக்குப் போயிடறாரு, அன்னா தோட்டத்துல மரத்து மேல குருவிக்கூட்டைப் பார்த்து, குருவிக்குக்கூடக் குஞ்சு இருக்கேன்னு அழறாங்க. பிள்ளையில்லாத வீட்டோட வலி தெரிஞ்சவங்கதான் இதை எழுதியிருக்க முடியும்.

இதை ஜோத்தோங்கற ஓவியர் பதுவை நகரத்துல ஸ்க்ரொவேஞ்ஞி சேப்பல்ல வரைஞ்சாரு, 1305ல அபிஷேகம் ஆன சேப்பல். நம்ம கோடி அற்புதர் அந்தோணியாரோட அதே பதுவைதான். சுவர்ல மேல்வரிசை முழுக்க இந்தக் கதை. முதல் படத்துல சுவக்கின் ஆட்டுக்குட்டியக் கையில அணைச்சுப் பிடிச்சிருக்காரு, குரு அவரை வெளியே தள்றாரு. அப்புறம் தேவதூதர் சொல்லி ரெண்டு பேரும் எருசலேம் பொன்வாசல்ல சந்திக்கற படம். அன்னா ரெண்டு கையாலயும் அவரு தலையையும் தாடியையும் பிடிச்சு முத்தம் குடுக்கறாங்க, ரெண்டு ஒளிவட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, முகம் ரெண்டும் ஒட்டி ஒரே முகம் மாதிரி தெரியும். பின்னாடி பெண்கள் சிரிச்சுக்கிட்டு நிக்க, நடுவுல கறுப்புத் துணி போத்தின ஒரு பொம்பளை மட்டும் முகத்தைப் பாதி மறைச்சுக்கிட்டு நிக்கறாங்க, அவங்க யாருன்னு இன்னும் வாதம் நடக்குது. வயசான புருஷன் பொண்டாட்டி பாசத்தை இவ்வளவு நெருக்கமாக் காட்டின படம் அதுக்கு முன்னாடி ஐரோப்பாவுல நான் பார்த்ததில்ல, பைபிள் சீன் மட்டும்தான் வரையணும்னு இருந்திருந்தா இது நமக்குக் கிடைச்சே இருக்காது.

சூசையப்பரை ஏன் தாத்தா மாதிரி வரையறாங்க? கையில பூ பூத்த கோல் எதுக்கு?

ரெண்டுக்கும் பதில் அதே நூல்லதான் ஆரம்பிக்குது. இயேசுவோட சகோதரர்கள்னு நற்செய்தியில வருது, மாதா எப்பவும் கன்னியா இருந்தாங்கன்னும் நம்பறாங்க, ரெண்டும் எப்படிச் சரியா வரும்? சூசையப்பர் மனைவிய இழந்த வயசானவரு, அந்தச் சகோதரர்கள் முதல் தாரத்துப் பிள்ளைங்கன்னு இந்தக் கதை சொல்லிச்சு. அதனாலதான் பல பழைய ஓவியங்கள்ல நரைச்ச தாடியோட ஒரு ஓரமா கன்னத்துல கை வெச்சு உக்காந்திருப்பாரு. 15ஆம் நூற்றாண்டுக்கு மேலதான் அவரு மேல பக்தி வளர்ந்து, படத்துலயும் வயசு குறைய ஆரம்பிச்சுது.

கோல் கதை என்னன்னா, மாதாவுக்கு மாப்பிள்ளை பார்க்க எல்லாரும் ஆளுக்கொரு கோல் கொண்டாரணும்னு குரு சொல்றாரு. பழைய வடிவத்துல சூசையோட கோல்லேர்ந்து புறா பறந்து வருது, பின்னாடி வந்த லத்தீன் வடிவத்துல கோல் பூக்குது. ஜோத்தோ ரெண்டையும் சேர்த்தே வரைஞ்சிருக்காரு, பக்கத்துல ஏமாந்த ஒரு பையன் தன் கோலை முழங்கால்ல வெச்சு உடைக்கறான். நம்ம ஊர் சர்ச்கள்ல சூசையப்பர் சுரூபத்துக்குக் கையில லில்லிப் பூ இருக்கறதுக்கு வேர் இதுதான்.

கபிரியேல் வர்றப்ப மாதா சில படத்துல நூல் நூக்கறாங்க, சில படத்துல புத்தகம் படிக்கறாங்க, எது சரி?

நூல் நூக்கறதுதான் பழசு. கோவில் திரைச்சீலைக்காக ஊதா, சிவப்பு நூல் நூக்கற வேலை சீட்டுப் போட்டு மாதாவுக்கு விழுந்துச்சுன்னு முதல் நற்செய்தி சொல்லுது. ரோம்ல சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்துல 430கள்ல செஞ்ச மொசைக்ல மாதா ராணி மாதிரி உக்காந்து நூக்கறாங்க, கிழக்குத் திருச்சபையோட (ஆர்த்தடாக்ஸ்) ஐகான்கள்ல, அதாவது புனிதப் படங்கள்ல, இன்னைக்கும் அந்த நூல் உண்டு. மேற்கு ஐரோப்பாவுல பின்னாடி புத்தகம் வந்துடுச்சு, ஒரு கன்னி மகனைப் பெறுவாள்ங்கற ஏசாயாவோட தீர்க்கதரிசனத்தைப் படிச்சுக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

குழந்தை பிறந்த படத்துல ரெண்டு பொம்பளைங்க இருக்காங்களே, யாரு அவங்க?

மருத்துவச்சிங்க. சூசையப்பர் போய்க் கூட்டிட்டு வர்றாரு, அதுல சலோமிங்கறவங்க கன்னி குழந்தை பெத்தாங்கன்னு நம்பாம சோதிச்சுப் பார்க்க, கை கருகிப்போயிடுது, குழந்தையத் தொட்டதும் குணமாகுது. ராவென்னாவுல மாக்சிமியான் ஆயரோட யானைத் தந்தச் சிம்மாசனத்துல (6ஆம் நூற்றாண்டு) அந்தக் கை தொங்கிப்போய் இருக்கறதைப் பார்க்கலாம். அதுக்கு ஏறக்குறைய 900 வருஷம் கழிச்சு ராபர்ட் காம்பின் வரைஞ்ச படம் ஒண்ணு பிரான்ஸ்ல தீஜோன்ல இருக்கு, அதுலயும் அதே சலோமி, அதே கை. கிழக்குல இதே பெண்கள் குழந்தையக் குளிப்பாட்டறவங்களா நின்னுட்டாங்க.

பைபிளை லத்தீன்ல மொழிபெயர்த்த எரோணிமுஸ் 4ஆம் நூற்றாண்டுலயே, அங்க மருத்துவச்சியே கிடையாதுன்னு கோவமா எழுதினாரு. ஓவியங்கள் அதைக் கேக்கல.

வெரோணிக்காள்கூட பைபிள்ல இல்லைன்னு சொல்றீங்களா? சிலுவைப்பாதையில இயேசுவோட முகத்தைத் துடைக்கற ஆறாம் தலமே அவங்கதானே!

இல்லைங்க. இதைச் சொல்றப்ப நிறைய பேருக்கு மனசு கஷ்டமாயிடுது, எனக்குப் புரியுது. பைபிள்ல இயேசு குணமாக்கற பெரும்பாடுள்ள (ரத்தப்போக்கு நோய் இருந்த) பெண்ணுக்கு நிக்கோதேமு நற்செய்தி பெர்னிக்கேன்னு பேரு வெச்சுது, அதுவே லத்தீன்ல வெரோணிக்கா. அப்புறம் வந்த கதைகள்ல அவங்ககிட்ட இயேசுவோட முகம் பதிஞ்ச துணி இருக்கு, அதைப் பார்த்து ரோம் பேரரசர் திபேரியுவோட வியாதி குணமாகுது. அந்தக் கதையில சிலுவை தூக்கிப் போற வழியே கிடையாது! வழியில ஓடிவந்து முகம் துடைக்கற காட்சி மத்திய காலத்தோட பிற்பகுதியிலதான் நிலைச்சுது.

ரோம்ல பேதுரு பேராலயத்துல அந்தத் துணின்னு ஒண்ணு இருந்துச்சு, 1208ல போப் மூன்றாம் இன்னொசென்ட் அதை ஊர்வலமா எடுத்துட்டுப் போனாரு. பார்க்க வந்த யாத்திரிகர்கள் அந்த முகம் போட்ட சின்ன உலோக வில்லைய வாங்கித் தொப்பியில குத்திக்கிட்டு ஊருக்குப் போனாங்க. இப்படித்தான் ஒரு முகம் ஐரோப்பா முழுக்கப் போய்ச் சேர்ந்துச்சு.

விசுவாசப் பிரமாணத்துல "பாதாளத்தில் இறங்கி"ன்னு சொல்றோமே, அதுக்கும் படம் உண்டா?

உண்டு, மத்திய காலக் கலையிலயே ரொம்ப வலுவான படம் அதுதான்னு நான் நினைக்கறேன். பேதுருவோட முதல் நிருபத்துல ஒரு சின்னக் குறிப்பு இருக்கு, சிறையில இருந்த ஆவிகளுக்குக் கிறிஸ்து பிரசங்கிச்சாருன்னு. அதை முழு நாடகமா ஆக்கினது நிக்கோதேமு நற்செய்தி. வாசல் உடையுது, சாத்தானைக் கட்டிப்போடறாங்க, ஆதாம்லேர்ந்து எல்லாரும் வெளிய வர்றாங்க.

இஸ்தான்புல்ல கோரா சர்ச்னு ஒண்ணு (இப்ப மசூதி), அங்க 1315-1321 வாக்குல வரைஞ்ச சுவரோவியத்துல வெள்ளை உடுப்புல கிறிஸ்து காலை அகட்டி நின்னு ஒரு கையில ஆதாமையும் மறு கையில ஏவாளையும் கல்லறையிலேர்ந்து இழுக்கறாரு. நல்லாப் பாருங்க, கையக் கோத்துப் பிடிக்கல, மணிக்கட்டைப் பிடிச்சு இழுக்கறாரு, அவங்க சக்தியால வரலைங்கறதுக்கு அது. காலுக்குக் கீழ உடைஞ்ச கதவு, சிதறிக்கிடக்கற பூட்டு சாவி, நடுவுல கட்டிப்போட்ட சாத்தான். கிழக்குத் திருச்சபைக்கு உயிர்ப்புப் படம்னா இதுதான், காலிக் கல்லறை இல்ல.

குழந்தை இயேசு கூட விளையாடற பையனைச் சாகடிக்கற படம் இருக்காமே, யாராவது கிளப்பிவிட்டதா?

நெஜமாவே இருக்கு. இங்கிலாந்துல ட்ரிங்குங்கற ஊர் பேர்ல 1330 வாக்குல செஞ்ச ஓடுகள் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. இயேசு ஆத்தங்கரையில சின்னக் குட்டை கட்டி விளையாடறாரு, ஒரு பையன் அதைக் கலைக்கறான், அப்படியே செத்து விழறான், மாதா வந்து சொல்ல, இயேசு காலால தொட்டு எழுப்பறாரு. இன்னொரு ஓட்டுல, இயேசுகூட விளையாடக்கூடாதுன்னு அப்பா ஒருத்தர் பையனைக் கோபுரத்துல பூட்டி வைக்க, இயேசு அவனை வெளிய இழுத்துடறாரு. எல்லாம் தோமா பேர்ல இருக்கற குழந்தைப்பருவக் கதைகளும் அதுலேர்ந்து கிளைச்சதும்.

இதுலயே மென்மையான கதை, களிமண்ல குருவி செஞ்சு கைதட்டிப் பறக்கவிடறது. ஸ்விட்சர்லாந்துல சிலிஸ் ஊர் சர்ச்ல 12ஆம் நூற்றாண்டு மரக்கூரையில 153 சித்திரப் பலகை, அதுல இதுவும் ஒண்ணு. களிமண் பறவைக்கு உயிர் குடுத்தது குர்ஆன்லயும் வருது.

திருச்சபை இதையெல்லாம் தடை பண்ணலையா?

பண்ணுச்சு, ஆனா பிடிச்சு நிறுத்த முடியல. போப் கெலாசியுஸ் பேர்ல உலவற 6ஆம் நூற்றாண்டுப் பட்டியல் ஒண்ணு குழந்தைப்பருவ நூல்கள், தோமா பணிகள், மாதா மரணக் கதை எல்லாத்தையும் ஒதுக்கச் சொல்லுது. போலி மத்தேயு என்ன பண்ணுச்சு தெரியுமா? முன்னாடி ஒரு கடிதம் ஒட்டிக்கிட்டு வந்துச்சு, இதை எபிரேயத்துலேர்ந்து மொழிபெயர்த்தது எரோணிமுஸ்தான்னு. மருத்துவச்சி கதையத் திட்டின அதே எரோணிமுஸ்! அவரு பேரு இருந்ததால மடங்கள்ல நம்பிக்கையாப் பிரதி எடுத்தாங்க.

1260கள்ல யாக்கோபு தெ வொராஜினேங்கற டொமினிக்கன் துறவி புனிதர்கள் கதையெல்லாம் திருவிழா வரிசையில தொகுத்தாரு, தங்கப் புராணம்னு பேரு, கையெழுத்துப் பிரதியே சுமார் ஆயிரம் இன்னைக்கும் மிஞ்சியிருக்கு. ஓவியர்களுக்கு இதான் கைநூல். அவரு கண்ணை மூடிக்கிட்டு எழுதல, புனித மார்கரெட்டை டிராகன் முழுங்கின கதை நம்பத்தக்கது இல்லன்னு அவரே எழுதியிருக்காரு. ஆனா மார்கரெட் படத்துல டிராகன் இல்லாம பார்த்தா ஜனங்களுக்கு அவங்க யாருன்னே தெரியாது, அதனால டிராகன் இருந்துச்சு.

நம்ம தோமையார் கையில மூலமட்டப் பலகை ஏன்?

சிரியாக் மொழியில 3ஆம் நூற்றாண்டுல எழுதின தோமா பணிகள்ங்கற நூல்லேர்ந்து. இயேசுவே தோமாவை ஹப்பான்ங்கற வியாபாரிக்கு அடிமையா வித்துடறாரு, அவரு இந்தியாவுக்குக் கூட்டிட்டு வந்து குந்தபோர் ராஜாகிட்ட விடறாரு. அரண்மனை கட்டச் சொல்லி ராஜா குடுத்த பணத்தைத் தோமா ஏழைங்களுக்குக் குடுத்துடறாரு. ராஜாவுக்குக் கோவம், ஜெயில்ல போடறாரு. செத்துப்போன ராஜாவோட தம்பி மோட்சத்துல ஒரு அரண்மனையப் பார்த்துட்டு உயிரோட திரும்பி வந்து, அது உனக்காகத் தோமா கட்டினதுன்னு சொல்றாரு. பிரான்ஸ்ல செமூர் ஊர் சர்ச் வாசல் மேல இந்தக் கதைய 13ஆம் நூற்றாண்டுல கல்லுல செதுக்கியிருக்காங்க. அதனாலதான் கட்டடக் கலைஞர்களுக்குத் தோமா பாதுகாவலர், கையில மட்டப்பலகை, கூடவே அவரைக் குத்தின ஈட்டி.

19ஆம் நூற்றாண்டுல ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் குந்தபோர் பேரு போட்ட நாணயங்கள் கிடைச்சுது, ராஜா நிஜமா இருந்திருக்காரு. ஆனா அது வடமேற்கு. மயிலாப்பூர், பரங்கிமலை பாரம்பரியம் தெற்குல தனியா வளர்ந்தது, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

எப்பவும் கதை முதல்ல, படம் அப்புறமா? அப்படித்தானே சொல்லிட்டு வர்றீங்க?

எப்பவும் இல்ல, மாட்டுக் கேள்வியில சிக்கல்னு சொன்னது இதைத்தான். போலி மத்தேயு 7ஆம் நூற்றாண்டு வாக்குல வந்த நூல். ஆனா மாடும் கழுதையும் செத்தவங்களை வெச்சுப் புதைக்கற 4ஆம் நூற்றாண்டுக் கல்பெட்டிகள்லயே இருக்கு. மிலான்ல சாந்த் அம்ப்ரோஜோ சர்ச்ல ஒரு கல்பெட்டி மூடியில மாதாகூட இல்ல, சூசையப்பரும் இல்ல, துணி சுத்தின குழந்தை, ரெண்டு பக்கம் ரெண்டு மிருகம், அவ்வளவுதான். அப்ப ஏசாயா வசனத்தைப் படிச்சவங்க முதல்ல படம் செஞ்சாங்க, எழுத்து பின்னாடி வந்து அதுக்குக் கதை குடுத்துச்சு. அதனால "இந்தப் படம் இந்த நூலைப் பார்த்து வரைஞ்சது"ன்னு யாராவது அடிச்சுச் சொன்னா, ரெண்டோட காலத்தையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

ட்ரெண்ட் சங்கத்துக்கு அப்புறம் எல்லாத்தையும் அழிச்சுட்டாங்களா?

1563ல ட்ரெண்ட் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களோட பெரிய மாநாடு) படங்களைப் பத்தித் தீர்மானம் போட்டுச்சு, தப்பான போதனை தர்ற படம் கூடாதுன்னு. அப்புறம் 1570ல மொலானுஸ்ங்கற இறையியலாளர் எந்தெந்தப் படம் சரி, எது தப்புன்னு புத்தகமே எழுதினாரு. சிலது நெஜமாவே மங்கிப்போச்சு. அன்னம்மாளுக்கு மூணு கல்யாணம் ஆச்சுன்னு ஒரு கதை இருந்துச்சு, அந்த மூணு குடும்பத்தையும் பேரப்பிள்ளைங்களோட ஒரே படத்துல வரையறது ஜெர்மனிப் பக்கம் ரொம்பப் பிரபலம், அது நின்னுடுச்சு. ஏற்கெனவே சுவர்ல இருந்ததைப் பெரும்பாலும் தொடல, பதுவையில ஜோத்தோ வரைஞ்சது அப்படியேதான் இருக்கு.

திருவிழாலயும் கை வெச்சாங்க. மூணு வயசு மாதாவைக் கோவில்ல காணிக்கையாக்கின கதையும் மேல சொன்ன முதல் நற்செய்திதான், அந்தத் திருவிழாவை போப் ஐந்தாம் பியுஸ் 1568ல நாள்காட்டியிலேர்ந்து எடுத்துட்டாரு. 1585லயே போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் திரும்பச் சேர்த்துட்டாரு. இப்பவும் நவம்பர் 21ஆம் தேதி பூசையில அந்த விழா இருக்கு.